குளம் இடது கையில் இருக்கட்டும்: தியவன்னாவைச் சுற்றி ஒரு சைக்கிள் பாதை

வெள்ளவத்தையில் இருக்கும் ஒருவர் கேட்டது: வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, புதிதாக ஒரு சைக்கிள் வாங்கியிருக்கிறேன், பன்னிரண்டு வயது மகளும் கூட வரப் பிடிவாதம் பிடிக்கிறாள், கொழும்பில் வாகனத் தொல்லை இல்லாமல் குளக்கரையோரமாக, மண் பாதையாக இல்லாமல் நல்ல காப்பட் வீதியிலேயே ஓடக்கூடிய இடம் இருக்கிறதா?

முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். அப்படி ஒரு வீதி கொழும்பில் இல்லை. அப்படி ஒரு நேரம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கும் ஏழேகாலுக்கும் இடையில் இந்த ஊர் வேறு ஊர். அந்த ஒன்றேமுக்கால் மணித்தியாலத்தில் எங்கே ஓடுவது என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, கொஞ்சம் நீளம்.

நான் சைக்கிளோடு வளர்ந்தவன். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத காலம். பள்ளிக்கூடம், ரியூசன், சந்தை, ஆஸ்பத்திரி, கலியாண வீடு எல்லாமே சைக்கிள்தான். பிறகு கொழும்புக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் சைக்கிளைத் தொடவில்லை. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸைப் பார்த்தவர் எவருக்கும் அந்த ஆசை வராது. 2022இல் பெற்றோல் வரிசை வந்தபோதுதான், மாடிப்படிக்குக் கீழே துருப்பிடித்துக் கிடந்ததைத் துடைத்து எடுத்தேன். வரிசை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் தியவன்னாப் பக்கம்தான்.

ஏன் தியவன்னா? நீங்கள் கேட்ட "குளக்கரை" அங்கேதான் பெரிதாக இருக்கிறது. பார்த்தால் ஆதிகாலத்து ஏரி மாதிரித் தெரியும். உண்மையில் எண்பதுகளின் தொடக்கத்தில் சதுப்பு நிலத்தைத் தோண்டி விரித்த நீர்ப்பரப்பு அது. நடுவில் இருந்த மேட்டைத் தீவாக விட்டு, அதில் ஜெஃப்ரி பாவா வரைந்த பாராளுமன்றத்தைக் கட்டி, 1982 ஏப்ரலில் திறந்தார்கள். அதைச் சுற்றிக் கோட்டே, பத்தரமுல்லை, மடிவெல, தலவத்துகொடை எல்லாம் சேறும் புல்லும் நீருமாக ஒன்றோடொன்று தொடுத்துக்கொண்டு கிடக்கின்றன. 2018இல் ஈரநிலங்களைப் பாதுகாக்கும் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலகில் முதன்முதலாக 18 நகரங்களுக்கு "ஈரநில நகரம்" என்ற அங்கீகாரம் கிடைத்தது, அதில் ஒரு நாட்டின் தலைநகர் என்று இருந்தது கொழும்பு மட்டும்தான். இந்தச் சேறு வெறும் அழகுக்கு இல்லை. மழைக்காலத்தில் ஊரின் வெள்ளத்தைக் குடித்துத் தாங்குவது இதுதான். தாங்க முடியாமல் போனதும் உண்டு: 2010 நவம்பர் மழையில் பாராளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்துவிட்டது.

சைக்கிள்காரனுக்கு இதில் ஒரு நன்மை இருக்கிறது. சதுப்பு நிலத்துக்குள் வீடு கட்ட முடியாது; வீடு இல்லாத பக்கத்திலிருந்து வீதிக்குள் வாகனம் வராது. ஒழுங்கை இல்லை, கேற்றைத் திறந்துகொண்டு பின்பக்கமாக வெளியே வரும் கார் இல்லை. இதை வைத்துத்தான் நான் ஒரு விதி பிடித்து வைத்திருக்கிறேன். குளம் எப்போதும் உங்கள் இடது கைப் பக்கம் இருக்கட்டும்.

யோசித்துப் பாருங்கள். நாங்கள் இடது பக்கமாக ஓடுகிற நாடு. குளம் இடப்பக்கம் இருந்தால் உங்கள் ஓரத்துக்கு வெளியே தண்ணீரும் புல்லும்தான். சந்திகளில் திரும்புவதெல்லாம் இடதுபக்கம் திரும்புவதே. எதிரே வருகிற வாகனத்தைக் குறுக்கே வெட்டி வலது பக்கம் திரும்பும் வேலையே வராது. சைக்கிள்காரருக்குப் பெரிய ஆபத்துகளில் ஒன்று அந்த வலப்பக்கத் திருப்பம். அதே வட்டத்தை மறுபக்கமாகச் சுற்றினால் எல்லாமே தலைகீழ். ஒரே தூரம், ஒரே வீதி, ஆனால் மகளோடு போகும்போது இரண்டும் ஒன்றில்லை.

சரி, அந்த வட்டம் எது? பத்தரமுல்லையில் தியத்த உயன பூங்காவுக்குப் பக்கத்தில் தொடங்குங்கள். பொல்துவை சந்தியைத் தாண்டி, பாலத்தின் மேலால் ராஜகிரிய திசையில் கொஞ்சம் போய், இடது பக்கம் எதுல்கோட்டே, பிட்டகோட்டே. பிட்டகோட்டே சந்தியில் மறுபடி இடது. மடிவெல, கிம்புலாவல, தலவத்துகொடை. தலவத்துகொடைச் சந்தியில் இன்னொரு இடது. பெலவத்தை வழியாகத் திரும்பவும் பத்தரமுல்லை. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 12 கிலோமீற்றர். நிதானமாக ஓடினால் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும், நின்று நின்று போனால் ஒன்றரை. முழுதும் தண்ணீர் தெரியும் என்று நினைத்துப் போய் ஏமாற வேண்டாம். பொல்துவைப் பக்கமும் கிம்புலாவலப் பக்கமும் கண்ணுக்கு நிறையக் கிடைக்கும். பிட்டகோட்டே கடைத்தெரு, பெலவத்தை எல்லாம் வெறும் ஊர்வீதிதான். ஏற்றம் என்று சொல்லுமளவுக்கு ஒன்றும் இல்லை. கியர் இல்லாத சைக்கிளுக்கும் போதும்.

நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் தவறினால் மிச்சம் எல்லாம் தவறிவிடும். மே, ஜூன் மாதங்களில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும். ஜனவரி, பெப்ரவரியில் ஆறு இருபத்தைந்து ஆகும். ஆகவே வருடத் தொடக்கத்தில் விளக்கு இல்லாமல் ஐந்தரைக்கு இறங்காதீர்கள். பின்னால் ஒரு சிவப்பு விளக்கு கட்டாயம். ஏழு மணிக்குப் பிறகு அறநெறிப் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு வீதி ஓரமெல்லாம் நிறைவார்கள், அவர்களை இறக்கிவிட வரும் மோட்டார் சைக்கிள்களும் ஓட்டோக்களும் கூட வரும், அப்புறம் ரியூசன் வான்கள். எனக்கு மணிக்கூடு பார்க்கத் தேவையில்லை. பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ஓட்டோ ஒழுங்கைக்குள் நுழைகிற சத்தம் கேட்டால், வீட்டுக்குத் திரும்பும் நேரம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

சனிக்கிழமை வேண்டாம். பலருக்கு அரை நாள் வேலை, ஆறரைக்கே பஸ் நிறைந்துவிடும். போயா நாள் நல்லது, ஆனால் எட்டு மணிக்கு முன் முடித்துவிடுங்கள். விகாரைகளுக்கு அருகில் சனம் கூடும். வெசாக் சமயம் அந்தப் பக்கமே தலைவைக்காதீர்கள். வெளிச்சக்கூடு பார்க்க ஊரே திரண்டு வரும், தன்சல் என்ற இலவசச் சாப்பாட்டுப் பந்தல்களின் வரிசை வீதிக்கு வந்துவிடும். அதற்கு மாறாக, சித்திரைப் புத்தாண்டு! ஏப்ரல் 13, 14 இரண்டு நாளும் முன்னும் பின்னுமாகக் கொழும்பு காலியாகிவிடும். ஊருக்குப் போனவர்கள் போய்விடுவார்கள், கடைகள் பூட்டிக் கிடக்கும். வருடத்தில் அந்த நாலைந்து நாட்களில் மட்டும் பத்து மணிக்குக்கூட கோட்டே வீதியில் நடு ரோட்டில் ஓடலாம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இந்தச் சலுகை கிடையாது, அன்றைக்கு வெறிச்சோடுவது வெள்ளவத்தை மட்டும்தான், அதுவும் கோயிலடி தவிர.

பாராளுமன்றம் கூடும் நாட்களில் அந்தப் பக்கம் கெடுபிடி இருக்கும். அவை கிழமை நாட்கள் என்பதால் ஞாயிறுக்காரருக்குக் கவலை இல்லை. ஆனால் ஆர்ப்பாட்டம் ஏதாவது அறிவித்திருந்தால் பொல்துவை சந்தியில் முதல் நாளே தடுப்புக் கம்பிகளை அடுக்கிவிடுவார்கள். இரவுச் செய்தியைப் பார்த்துவிட்டுப் போங்கள். அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லத் தேவையில்லை, நம்மவர்களுக்கு அது தானாகவே கைவந்த பழக்கம். இத்தனை வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் என்னை நிறுத்தினார்கள். பயந்துபோய் அட்டையை எடுத்தேன். அந்தப் பொலிஸ்காரர் கேட்டது சைக்கிளின் விலையை.

கோட்டேயைக் கடக்கும்போது வேகத்தைக் குறையுங்கள். எதுல் என்றால் உள், பிட்ட என்றால் வெளி; உள்கோட்டை, வெளிக்கோட்டை. பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளில் கோட்டே இராசதானியின் தலைநகரம் இதுதான். சதுப்பையே அரணாக வைத்துக் கட்டிய கோட்டை. மதிலும் அகழியும் இன்றைக்கும் துண்டு துண்டாகத் தெரியும், பிட்டகோட்டேயில் பழைய கல் அம்பலம் ஒன்றும் நிற்கிறது. வழிப்போக்கர் தங்குவதற்கென்றே கட்டிய மடம் அது, ஆகவே சைக்கிளைச் சாத்திவிட்டுத் தண்ணீர் குடிக்க நமக்கும் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். இந்தக் கோட்டையிலிருந்துதான் ஆறாம் பராக்கிரமபாகுவின் வளர்ப்பு மகன் செண்பகப் பெருமாள் படையோடு வந்து 1450இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார். சிங்களத்தில் சப்புமல் குமாரயா. பிறகு புவனேகபாகு என்ற பெயரில் கோட்டேக்கே அரசனானார். நல்லூர்க் கந்தன் கொடியேற்றத்துக்குக் கட்டியம் கேட்டவர்களுக்கு "ஸ்ரீசங்கபோதி புவனேகபாகு" என்ற பெயர் காதில் விழுந்திருக்கும். இதை மகளுக்குச் சொன்னால் கேட்பாளா தெரியாது. என் மகன் கேட்கவில்லை.

கோட்டேயைப் பற்றிச் சிங்களத்தில் ஒரு பழமொழியும் இருக்கிறது: பறங்கி கோட்டேக்குப் போன மாதிரி. போர்த்துக்கேயர் கொழும்பில் வந்து இறங்கி அரசனைப் பார்க்க வேண்டும் என்றபோது, அரண்மனை எவ்வளவு கிட்ட இருக்கிறது என்று தெரியக்கூடாது என்பதற்காக மூன்று நாள் சுற்றிச் சுற்றிக் கூட்டிப் போனார்களாம். ஆறேழு மைல் தூரத்துக்கு மூன்று நாள். வெள்ளவத்தையிலிருந்து தியவன்னாவுக்குப் போக நான் சொல்லப் போகிற வழியும் கிட்டத்தட்ட அந்த வகைதான்.

கூகுள் காட்டுகிற நேர்வழியில் போகாதீர்கள், அது உங்களை ஹைலெவல் வீதியில் தள்ளும். விடியற்காலையில் தூர இடங்களுக்குப் போகும் பஸ்கள் அங்கே பறக்கும். நான் டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தையால் இறங்கிப் பாமன்கடை, கிருலப்பனை. அதிலிருந்து முடிந்தவரை உள் ஒழுங்கைகள் வழியாக நுகேகொடைப் பக்கம் போய்ப் பிட்டகோட்டேயில் ஏறுவேன். ஏழெட்டுக் கிலோமீற்றர் வரும். பிட்டகோட்டே வட்டத்தின் மேல்தான் இருக்கிறது என்பதால் அங்கிருந்தே சுற்றைத் தொடங்கிவிடலாம், பத்தரமுல்லைவரை போகத் தேவையில்லை. ஆனால் போக வர இதையும் சேர்த்தால் 27, 28 கிலோமீற்றர். உங்களுக்குச் சரி. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு முதல் மாதத்திலேயே இது வேண்டாம். யாரிடமாவது வான் இருந்தால் இரண்டு சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு தியத்த உயனக்குப் போய் அங்கிருந்து தொடங்குங்கள். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இன்னும் சொன்னால், மகளுக்கு முதல் இடம் தியவன்னா வட்டமே இல்லை. தலங்கம குளம்.

பத்தரமுல்லையிலிருந்து கோஸ்வத்தை, அக்குரேகொடைப் பக்கமாக மூன்று நான்கு கிலோமீற்றர் உள்ளே போனால் வரும். இது தோண்டிய ஏரி இல்லை, வயலுக்குத் தண்ணீர் விடுகிற பழைய குளம். குளத்தோரமாகவே சின்ன வீதி போகிறது. ஒரு பக்கம் தாமரை இலை மூடிய தண்ணீர், மறுபக்கம் பள்ளத்தில் வயல். இன்றைக்கும் விதைக்கிறார்கள். தலைநகரத்துக்குப் பக்கத்தில் இப்படி ஒரு காட்சி மிச்சமிருப்பது, 2007இல் இந்தக் குளத்தையும் சுற்றாடலையும் சூழல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவித்ததால்தான் என்று நினைக்கிறேன். வீதி ஒடுக்கமானது, அதனாலேயே வாகனம் மெதுவாகத்தான் வரும். பஸ் இல்லை. பிள்ளை ஒரு கையை விட்டு ஓடிப் பழக, பின்னால் திரும்பிப் பார்க்கப் பழக, பிறேக்கைப் பின்னால் முதலும் முன்னால் பிறகும் பிடிக்கப் பழக இதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரியாது. குளத்தோரம் போய்த் திரும்பி வருவது, வயல் பக்கம் இறங்கி ஏறுவது என்று மூன்று நாலு தரம் ஓடினால் ஒரு காலைக்குப் போதும்.

பறவை பார்க்கிறவர்கள் பெரிய கமராவோடு கரையில் நிற்பார்கள். நீலத் தாழைக்கோழியை உடனே கண்டுபிடித்துவிடலாம். உடம்பு நீலம், அலகும் காலும் சிவப்பு, தன்னுடைய சொந்தக் காணி மாதிரி நடக்கும். இலைக்கோழிக்கு விரல்கள் அவ்வளவு நீளம்; பாரம் பரவிப் போவதால் தாமரை இலைமேல் தாழாமல் ஓடும். கூழைக்கடா, நீர்க்காகம், சீழ்க்கைச் சிறகி எல்லாம் சாதாரணம். அதிர்ஷ்டம் இருந்தால் மரத்தில் கறுத்த முகத்தோடு ஒரு குரங்குக் கூட்டம் இருக்கும். தெருவில் பார்க்கிற செங்குரங்கு இல்லை. இலங்கையில் மட்டும் இருக்கிற ஊதாமுக மந்தியின் மேற்குக்கரை இனம், அருகிப்போகும் நிலையில் இருப்பது. வீட்டுத் தோட்டத்துப் பலாவும் மாவும்தான் அதற்குக் காடு. இதைப் பார்க்க வெளிநாட்டுக்காரர் விமானம் ஏறி வருகிறார்கள், நாங்கள் பிறேக் பிடித்தால் போதும்.

தியவன்னா வட்டத்திலும் நின்று பார்க்க இடம் உண்டு. பெத்தகான ஈரநிலப் பூங்கா கோட்டேப் பக்கம், தியசரு பூங்கா தலவத்துகொடைப் பக்கம். இரண்டும் நடக்கிற இடங்கள், பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். சைக்கிளை உள்ளே உருட்டலாம் என்று கனவு காணாதீர்கள், பூட்டு ஒன்று கொண்டுபோங்கள். இரண்டில் எனக்குப் பெத்தகானதான் பிடிக்கும், மகளோடு ஒரு நாள் அதற்கென்றே போங்கள், சைக்கிள் இல்லாமல். இந்தச் சதுப்புகளில் மீன்பிடிப் பூனை இருக்கிறது. சிறுத்தைக் குட்டி மாதிரிப் புள்ளி போட்ட, தண்ணீரில் இறங்கி மீன் பிடிக்கிற காட்டுப் பூனை. இரவில்தான் நடமாட்டம். நான் இதுவரை பார்த்ததில்லை.

பார்த்தது கபரகொயாவை. நம்மவர் நீர் உடும்பு என்பார்கள். ஒரு ஆளின் நீளம் இருக்கும், மடிவெலப் பக்கம் வீதியைக் குறுக்கே கடக்கும்போது எந்த அவசரமும் இல்லாமல் கடக்கும். மணி அடித்துப் பயனில்லை. நின்று வழிவிடுங்கள். கிம்புலாவல என்ற பெயரையும் கவனியுங்கள்: கிம்புலா என்றால் சிங்களத்தில் முதலை. பெயர் சும்மா வரவில்லை, தியவன்னாவில் இன்றைக்கும் முதலை இருக்கிறது. வீதியில் ஓடுகிறவருக்கு அதனால் ஒன்றும் இல்லை. புல் சரிவில் இறங்கித் தண்ணீரில் கால் நனைக்க மட்டும் மகளை விடாதீர்கள்.

முதலையைவிட எனக்குப் பயம் கான் மூடிதான். மழைத் தண்ணீர் இறங்குவதற்கு வீதி ஓரத்தில் போட்டிருக்கும் இரும்புக் கம்பித் தட்டுகள். சில இடங்களில் கம்பிகள் வீதியின் நீளவாட்டில் இருக்கும். மெல்லிய டயர் அந்த இடைவெளிக்குள் அப்படியே இறங்கிவிடும். ஒரு நவம்பர் காலையில் எனக்கு நடந்தது. முன் சில்லு நின்றது, நான் நிற்கவில்லை. மணிக்கட்டு வீங்கி மூன்று கிழமை வேலை கெட்டது. அதனால் சொல்கிறேன், குளம் இடப்பக்கம் இருக்கட்டும், ஆனால் ஓரத்தோடு ஒட்டிக்கொள்ளாதீர்கள். கானிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி ஓடுங்கள். பின்னால் வருகிறவர் ஹோர்ன் அடிப்பார், அடிக்கட்டும். ஓரத்தில் ஒதுங்க ஒதுங்கத்தான் இடித்துக்கொண்டு முந்துவார்கள். மகள் முன்னால், நீங்கள் பின்னால், அரைச் சில்லு வலப்பக்கம் தள்ளி ஓடுவது நல்லது. வேகத்தை அவள் தீர்மானிப்பாள், பின்னால் வரும் வாகனத்துக்கு நீங்கள் தெரிவீர்கள்.

டயரைப் பற்றிக் கேட்டிருக்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். கடையில் உங்களுக்கு ரேசர் ஹான்டிலும் ஊசி மாதிரி டயரும் உள்ளதை விற்றிருந்தால் கோட்டே வரைக்கும் சந்தோஷம், அதற்குப் பிறகு குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாய் மூடிய கிடங்குகளில் முதுகு பேசும். 32 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் கொஞ்சம் மேல் போட்டால் எல்லாவற்றுக்கும் பொருந்தும். பெரிய பொத்தான் வைத்த மலை டயரும் வேண்டாம், காப்பட்டில் ஊளையிடும், உழைப்பு வீண். சாதாரண லுமாலா சைக்கிள் என்றால் ஒன்றும் மாற்றாதீர்கள், அதன் டயர் இந்த வீதிக்கென்றே செய்தது மாதிரித்தான். ஒரு விஷயம்: பழைய மாதிரி வால்வு உள்ள சில்லுக்குப் பெற்றோல் செட்டில் காற்று அடிக்க முடியாது, அங்கே இருப்பது கார் வால்வுக்கான குழாய். அந்த நேரத்தில் சைக்கிள் கடையும் திறந்திருக்காது. ஆகவே கைப்பம்பும் ஒரு டியூப்பும் நீங்கள் சுமக்க வேண்டியதுதான்.

நாய்கள். விடியற்காலையில் அவர்களுடைய ஊர் அது. ஓடித் தப்ப நினைத்தால் துரத்தும். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் பத்து அடியில் சலித்துப்போய்ப் படுத்துவிடும். தலங்கமப் பக்கம் கொஞ்சம் கூடுதல். மகளுக்கு இதை வீட்டிலேயே ஒரு தரம் நடித்துக் காட்டிவிடுங்கள்.

மழை என்றால், மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவம், காலையிலும் பிடிக்கலாம். ஒக்டோபர், நவம்பரில் பெரும்பாலும் மாலை இடிமழை. ஆனால் இரவு கொட்டிய மழைக்கு அடுத்த காலை தண்ணீர் நிற்கிற இடங்களில் ஓடாதீர்கள். கீழே கிடங்கா கானா தெரியாது. கொழும்புச் சைக்கிள்காரருக்கு உண்மையான பருவம் டிசெம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை.

சாப்பாடு இல்லாமல் இந்தப் பதில் முடிந்தால் நியாயமில்லை. பாராளுமன்றப் பக்கத்து நடைபாதையில் காலையில் நடக்க வருகிறவர்களுக்காகக் கொலக்கெந்த விற்பார்கள். வல்லாரை, சாத்தாவாரி மாதிரி இலைச்சாற்றில் காய்ச்சிய கஞ்சி, கூடக் கடிக்க ஒரு துண்டுக் கித்துள் கருப்பட்டி. இரண்டு கோப்பை குடித்தால் வெள்ளவத்தை வரை தாங்கும். பிள்ளைக்குப் பச்சை நிறத்தைப் பார்த்தே முகம் சுளிக்கும். அவளுக்கு ஒரு செவ்விளநீர். கிம்புலாவலையில் வரிசையாக இருக்கும் தள்ளுவண்டிச் சாப்பாட்டுக் கடைகளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அவை மாலைக்குரியவை. அந்த நேரம் அந்த வீதிக்குச் சைக்கிளில் போவது தற்கொலை.

வேறு இடங்கள்? பெய்ர வாவியைச் சொல்வார்கள். கங்காராமைப் பக்கம் பார்க்க அழகு, ஆனால் ஓட இடமில்லை, வாடையும் உண்டு. கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பக்கம் இருக்கிறவர் என்றால் நான் தியவன்னாவைச் சொல்லியே இருக்க மாட்டேன். மட்டக்குளிப் பாலத்தைத் தாண்டி ஹேந்தலை, உஸ்வெட்டகெய்யாவ, பமுணுகம வழியாக நீர்கொழும்பு வரை, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வெள்ளைக்காரர் 1800களின் தொடக்கத்தில் வெட்டிய ஹமில்டன் கால்வாயும் அதற்கப்பால் முத்துராஜவெலச் சதுப்பும். 2013இல் கட்டுநாயக்க அதிவேக வீதி திறந்ததிலிருந்து விமான நிலைய அவசரக்காரர்கள் மேலே போய்விட்டார்கள். 30 கிலோமீற்றர் போனால் 30 திரும்ப வர வேண்டும் என்பதை மட்டும் மறக்காமல், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துப் போங்கள். அது ஒரு வருடம் பழகிய பிறகு.

மகள் என்றபடியால் ஒன்று. பார்ப்பார்கள். யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளை சைக்கிள் ஓடுவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அம்மாமார் சேலையோடு ஓடின ஊர். கொழும்பில் இன்னும் அது ஒரு காட்சி; ஓட்டோக்காரர் மெதுவாக்குவார், யாராவது ஏதாவது கத்துவார். முதல் இரண்டு ஞாயிறும் அவளுக்கு வெட்கமாக இருக்கும். தியவன்னாவில் ஆறு மணிக்கு வேறு பெண்களும் ஓடுகிறார்கள், கூட்டமாகவே வருகிறார்கள். அவர்களைக் கண்டால் கை காட்டச் சொல்லுங்கள், திருப்பிக் காட்டுவார்கள்.

போவதற்கு முதல் நாள் இரவு அவளுடைய சீட்டைப் பாருங்கள். குதிக்காலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் நேராக நீள வேண்டும். நம் வீடுகளில் எப்போதும் இரண்டு விரலாவது தாழ்த்தித்தான் வைத்திருப்போம், விழுந்தால் கால் ஊன்ற வேண்டும் என்று. அதனால்தான் பிள்ளைகளுக்கு மூன்றாம் கிலோமீற்றரில் முழங்கால் நோகிறது. உயர்த்திவிட்டுத் தலங்கமவில் ஒரு சுற்று ஓடவிடுங்கள். தியவன்னா அதற்கடுத்த ஞாயிறு.